கேம்பிரியன் காலத்து மிகச்சிறு குழாய் உயிர்ச்சுவடுகள் எவை?

சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் காலம் தொடங்கியபோது, கடலடியில் வாழ்ந்த மெல்லுடல் பிராணிகள் தம்மைச் சுற்றிக் கட்டிய ஓடுகள் இவை. நீளம் பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். இவற்றில் மிக அழகானது அனபாரைட்டிஸ். முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல மூன்று மடல், வெளியே நெடுக மூன்று பள்ளம்.

அதன் ஓடு சுண்ணாம்பாலானது. உள்ளே பொசுபேற்றுக் கனிமம் படிந்து இறுகிய இடங்களில் வடிவம் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் சுண்ணக்கல்லை ஏறத்தாழ 10% அசற்றிக் அமிலத்தில் (வினாகிரியின் புளிப்பு இதுதான்) நாட்கணக்கில் ஊறவிடுகிறார்கள்; கல் கரைய, பொசுபேற்றாலான குழாய் வடிவங்கள் வண்டலில் மிஞ்சும். அவசரப்பட்டு ஐதரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பொசுபேற்றும் கரைந்துபோகும்.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது சுண்ணக்கல்லில் தெரியும் குழாய்த் துளைகள் இவையல்ல. அந்தக் கல் மயோசீன் காலத்தது, 2.3 கோடி ஆண்டுகளுக்கும் இளையது.