மேட்டும் பொலியெஸ்டரும் வேண்டாம்: மரப் பலகைக்கு பைபர் போர்த்தும் முறை

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறேன். 11 அடி நீளம், உள்ளே சட்டம், மேலும் கீழும் 4 மில்லிமீட்டர் பிளைவூட், நடுவில் வெற்றிடம். பொல்கொட ஏரியில் விட ஆசை. பைபர் போடக் கடையில் கேட்டால் மேட் எனும் நெய்யாத கண்ணாடி இழை விரிப்பையும், அதை நனைத்து இறுக்கும் பொலியெஸ்டர் ரெசினையும் எடுத்து வைக்கிறார்கள். காபன் பைபர் இன்னும் நல்லதா? எங்கே தொடங்குவது?

பதில்: இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் நல்லது. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நம் கரையோர மீன்பிடிப் படகுகளை அச்சில் வார்ப்பது அந்த மேட்டையும் பொலியெஸ்டரையும் கொண்டுதான். அங்கே பைபரே படகு. உங்களிடம் மரம்தான் படகு, பைபர் அதற்கு வெறும் தோல். பொலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், மரத்தை இறுக்கிப் பிடிக்காது. ஈரத்தில் மரம் கொஞ்சம் உப்பினாலே தோல் கழன்று வரும். மேட் ரெசினை அளவில்லாமல் குடித்துப் பாரமாகும். அதன் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. மரத்துக்கு ஏற்ற இன்னொரு ரெசினான எபொக்சியில் அது சரியாகக் கரையாது, வளைவுகளில் படியவும் மறுக்கும்.

ஆகவே எபொக்சி ரெசினும் நெய்த கண்ணாடி இழைத் துணியும் வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி, அதாவது சதுர யாருக்கு சுமார் 6 அவுன்ஸ், போதும். நனைந்ததும் கண்ணாடி போல் தெளிந்து மரத்தின் வரிகளைக் காட்டும். காபன் விறைப்பானதுதான், ஆனால் விலை அதிகம், நீங்கள் இழைத்த மரத்தையும் கறுப்பாக மூடிவிடும். கால் வைத்து நிற்கும் இடத்தில் இன்னொரு அடுக்குக் கண்ணாடித் துணி போட்டால் தேவையான பலம் கிடைத்துவிடும். உங்கள் அளவுக்கு சுமார் 6 சதுர மீட்டர் துணியும், வீணாவதையும் சேர்த்து 4 கிலோ ரெசின் கலவையும் கணக்கிடுங்கள்.

அடுத்தது ஈரம். கொழும்புக் காற்றில் கிடந்த மரம் கைக்குக் காய்ந்தது போலத்தான் இருக்கும். முடிந்தால் பலகையை ஏசி அறையில் வைத்து, அதே பிளைவூட்டின் வெட்டுத் துண்டு ஒன்றை சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் தொடங்கலாம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். காத்திருக்கும் நாட்களில் கூரான விளிம்புகளை எல்லாம் பென்சில் பருமனுக்காவது உருட்டி விடுங்கள், கூர்முனையில் துணி படியாது. 80 நம்பர் சாண்ட் பேப்பரும் பிறகு 120-உம் மரவரியின் போக்கிலேயே போகட்டும். குறுக்கே தேய்த்த கீறல், ரெசின் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. சூடு ஏற ஏற அது விரிந்து, ஈர ரெசினுக்குள் குமிழியாகப் புகும். என் முதல் பலகையைக் காலை 9 மணிக்கு ஓட்டுக் கூரையின் கீழ் தொடங்கினேன். மதியத்துக்குள் துணிக்கு அடியில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். ஒரு பக்கம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. மாலை 4 மணிக்குப் பிறகு, வெப்பம் இறங்கும்போது பூசுங்கள். அப்போது மரம் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே ரெசினையும் இழுத்துக்கொள்ளும். பலகையின் வெற்றிடத்துக்குக் காற்றுத் துளை ஒன்று இருக்க வேண்டும், வேலை நடக்கும்போது அது திறந்தே இருக்கட்டும்.

கலக்கும்போது படகுப் பட்டறைப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். அங்கே அவசரம் என்றால் ரெசினை இறுகவைக்கும் கடுப்பானைக் கொஞ்சம் கூட்டுவார்கள். எபொக்சியில் அது செல்லாது. அதன் கடுப்பானான ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் ரெசின் முழுதாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று பார்த்து அதையே பிடியுங்கள். நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஆழக் கோப்பையில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகும். கையுறை கட்டாயம், எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. தோலில் பட்டால் தின்னர் வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

முதலில் மரத்துக்கு மெல்லிய பூச்சு. அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அடிப்பக்கத் துணியை விரித்து, ஓரத்தைச் சுற்றி மேல்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் ஏறும்படி விடுங்கள். முனை வளைவில் சிறு வெட்டுகள் கொடுத்தால் மடிப்பு விழாது. நடுவில் ரெசினை ஊற்றி, பழைய வங்கி அட்டையால் ஓரம் நோக்கி மெதுவாக இழுங்கள். பளபளப்பாகத் தேங்கினால் அதிகம், வெள்ளையாகத் தெரிந்தால் போதாது. நெசவு தடவிப் பார்த்தால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துணி தெரியக் கூடாது. பாதி இறுகியதும் மிஞ்சிய துணியை பிளேடால் வெட்டுங்கள், மறுநாள் என்றால் ரம்பம்தான் வேண்டும். பிறகு பலகையைத் திருப்பி மேல்பக்கம். இரண்டு துணிகளும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், அடிபடும் இடம் தானாகவே இரட்டைத் தோலாகிவிடும்.

நெசவை நிரப்ப இன்னும் இரண்டு பூச்சு, முந்தையது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே. இறுகிய ரெசினில் மெழுகு போல ஒரு படலம் வரலாம். ஈரக் காற்றில் இது சகஜம். தேய்க்கும் முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வார்னிஷ் ஒட்டாது. தேய்க்கும்போது முகமூடி அவசியம். ஒரு வாரம் இறுக விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் மூன்று பூச்சு. அது இல்லாமல் வெயிலில் விட்டால் எபொக்சி மஞ்சளாகி மாப்பொடியாக உதிரும்.

அப்புறம் அந்தக் காற்றுத் துளைக்கு ஒரு திருகுமூடி போடுங்கள். உள்ளே 30 பாகையில் அடைபட்ட காற்று வெயிலில் 50 பாகைக்கு ஏறினால், நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் விரியப் பார்க்கும். அந்த அழுத்தம் முழுவதும் உங்கள் பொருத்துகளில்தான் விழும். பொல்கொடவில் இறக்கும்போது மூடுங்கள், கரையேறியதும் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள்.