குவாங்சோ விருந்தில் காலித் தட்டு
சீனாவின் குவாங்சோ நகரில் விருந்துக்குப் போனபோது, தட்டைக் காலி செய்யச் செய்ய மறுபடி வைத்தார்கள், வேண்டாம் என்றதும் விருந்து வைத்தவர்களின் முகம் வாடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். லண்டனில் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து இணையாக வைத்தால் போதும், தட்டை எடுத்துவிடுவார்கள். சீன விருந்திலோ காலித் தட்டைப் பார்த்தால் 'இன்னும் பசி ஆறவில்லை' என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். கடைசியில் ஒரு வாய் மிச்சம் வையுங்கள், சாப்பிடும் குச்சிகளை அவற்றுக்கான தாங்கியில் படுக்க வையுங்கள். சோற்றில் மட்டும் நட்டுவிடாதீர்கள்! இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுபத்தி மாதிரி இருக்கும், பெரியவர்கள் பதறிப்போவார்கள்.

தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுங்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் நன்றி. நான் முதல்முறை தட்டியபோது, ஊற்றிய பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.