மாவில் கருவாட்டு வாடை: கோதுமைக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஈரோடு பக்கம் சிறிய மாவு மில் நடத்துகிறேன். வடக்கிலிருந்து வந்த ஒரு லோடு கோதுமை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அரைத்தால் மாவில் கருவாட்டு வாடை. லாரியில் இதற்கு முன் மீன் ஏற்றியிருப்பார்கள் என்கிறார் தரகர். உண்மையா? அடுத்த லோடை எப்படிச் சோதித்து வாங்குவது?

பதில்: லாரியில் பட்ட வாடை என்றால் சாக்கைப் பிரித்ததுமே மூக்கில் ஏறியிருக்கும். அரைத்த பிறகு கிளம்புவது தானியத்துக்குள் இருந்து வருவது. முதலில் சந்தேகிக்க வேண்டியது 'கர்னால் பண்ட்' என்ற பூஞ்சை நோயை. ஹரியானாவின் கர்னாலில் கண்டறியப்பட்டு 1931-ல் பதிவான நோய் இது. இந்தப் பூஞ்சை உண்டாக்கும் டிரைமெத்திலமைன் என்ற பொருள்தான் கெட்டுப்போன மீனின் வாடைக்கும் காரணம். அதனால் உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை.

விற்ற விவசாயிக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். கரிப்பூட்டை நோய் வந்தால் கதிர் முழுக்கக் கரியாகிவிடும், வரப்பில் நின்றே பார்த்துவிடலாம். இது அப்படியல்ல. மண்ணில் கிடக்கும் பூஞ்சை வித்துகள் முளைத்து, கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் காற்றிலும் மழைச்சாரலிலும் ஏறி வந்து தொற்றும். பிப்ரவரி வாக்கில் வானம் மூடி, குளிரும் தூறலுமாக இருந்தால் அந்த வருடம் ஆபத்து அதிகம். தொற்றிய கதிரிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகளே கெடும், அவற்றிலும் பெரும்பாலும் ஒரு பகுதிதான். களத்தில் அடித்துத் தூற்றும்வரை பயிர் நல்ல பயிராகவே தெரியும்.

சோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல் அடுக்கில் இருக்கும் இரண்டு மூட்டையைக் குத்திப் பார்த்துப் பயனில்லை. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதிலிருந்து 100 கிராம் எடுங்கள். ஏறக்குறைய 2,500 மணிகள் இருக்கும்.

நல்ல வெளிச்சத்தில் மணியின் முளை முனையையும், நடுவே ஓடும் பள்ளத்தையும் பாருங்கள். நோய் முளைப்பக்கம் தொடங்கிப் பள்ளத்தின் வழியே நீளும். முனை மட்டும் கறுத்த மணிகளும் கண்ணில் படும். அது 'பிளாக் பாயின்ட்' என்ற வேறு கோளாறு, தோலின் நிறம்தான் மாறியிருக்கும். சந்தேகம் வந்தால் கறுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊசியால் குத்துங்கள். கர்னால் பண்ட் என்றால் மைப்பொடி போலக் கறுப்பாகக் கலங்கி வெளியே வரும்.

கண்ணுக்குத் தப்பியதைக் காஸ்டிக் சோடா காட்டிக்கொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் போட்டுக் கரைத்து, மாதிரியை 24 மணி நேரம் ஊற வையுங்கள். நல்ல மணிகள் வெளிறிவிடும், நோய் உள்ள இடம் பளபளக்கும் கறுப்பாகத் துலங்கும். கையுறை கட்டாயம். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் போதும், அலுமினியம் கூடவே கூடாது. ஊறிய மணிகளைக் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

பிறகு எண்ணுங்கள். நூற்றுக்கு மூன்று மணி கெட்டிருந்தாலே மாவின் வாடையும் ருசியும் நிறமும் கெடும். உங்கள் 100 கிராமில் அது சுமார் 75 மணி. 10, 15 மணிதான் என்றால் தூற்றிச் சலித்து, கழுவிக் காயவைத்து அரைக்கலாம் என்பது என் கருத்து. எழுபதைத் தாண்டினால் லோடைத் திருப்பிவிடுங்கள். இந்தப் பூஞ்சை மனிதருக்கு நஞ்சு என்று நிறுவப்படவில்லை, ஆனால் வாடிக்கையாளர் அந்தச் சப்பாத்தியை இரண்டாம் முறை தொடமாட்டார். மீன் வாடை இல்லாமல் பூசண வாடை அடித்தால் அது கிடங்கு ஈரத்தில் வந்த வேறு பூஞ்சை. அதில் நச்சுக்கும் வாய்ப்பு உண்டு, கழுவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

லாரி வாசலில் நிற்கும்போது ஒரு நாள் ஊறவைக்கும் சோதனை நடக்காது. ஏற்றும் முன்பே மாதிரியைக் கூரியரில் வாங்கிச் சோதித்துவிடுங்கள். லோடு வந்ததும் இரண்டு கை கோதுமையை மட்டும் அரைத்து, வெந்நீர் விட்டு மூடிவைத்து, ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். இந்தத் தானியத்தை யாராவது விதைக்குக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். சான்று விதையில் 0.25 சதவீதத்துக்கு மேல் இந்த நோய் இருக்கக் கூடாது, மண்ணில் சேர்ந்த வித்துகளோ சில வருடங்கள் உயிரோடு கிடக்கும்.