2 லட்சமாவது கட்டுரை எப்போது வரும்? அரங்கத்துக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சென்னைக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையில் இருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2 லட்சம் கட்டுரைகளைத் தொடும்போது மாணவர்களைக் கூட்டி விழா எடுக்க ஆசை. அரங்கத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே பணம் கட்ட வேண்டும். தேதியைக் கணித்துச் சொல்ல முடியுமா?

பதில்: தேதி சொல்ல முடியாது. மாதம் சொல்லலாம், அதுவும் இலக்கு பக்கத்தில் வந்த பிறகு.

மீதிக் கட்டுரைகளை, ஒரு நாளில் சேரும் கட்டுரைகளால் வகுப்பதுதான் எல்லோரும் முதலில் போடும் கணக்கு. ஆங்கில விக்கிப்பீடியா 2006 மார்ச் 1-இல் 10 லட்சத்தையும் 2007 செப்டம்பர் 9-இல் 20 லட்சத்தையும் தொட்டது. நடுவில் 557 நாள். நாளுக்குச் சுமார் 1,800 கட்டுரை. அதே வேகத்தை நம்பியவருக்கு 2015 ஏப்ரல் வாக்கில் 70 லட்சம் என்று விடை வந்திருக்கும். உண்மையில் வந்தது 2025 மே 28. பத்து வருடத் தவறு!

எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் தோற்றார்கள். வேகம் குறைவதைப் பார்த்து எஸ் வடிவ வளைவு வரைந்தவர்கள், முப்பது, நாற்பது லட்சத்தைச் சுற்றி எல்லாம் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை, மெதுவானது. ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் ஆன நாள்களைப் பாருங்கள்: 557, 708, 1,061, 1,206, 1,544, 1,952. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 1.14 முதல் 1.5 மடங்கு. இந்தப் போக்கு தொடர்ந்தால் 80 லட்சம் 2031 நடுவிலிருந்து 2033 நடுவுக்குள் வரும். இரண்டு வருட இடைவெளி விட்டுச் சொல்வது கோழைத்தனம் இல்லை. ஒரே தேதியை அடித்துச் சொல்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

தமிழுக்கு இந்த மடங்குக் கணக்கு உதவாது. ஆங்கிலத்தில் பங்களிப்பவர்கள் ஏராளம் என்பதால் ஒருவர் ஓய்ந்தாலும் வேகம் மாறாது. இங்கே தொடர்ந்து எழுதுபவர்கள் கொஞ்சம் பேர். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது டிவியில் இப்போதைய ரன் ரேட்டை வைத்து 20 ஓவர் முடிவில் இத்தனை ரன் என்று காட்டுவார்களே, அதுபோல. அடித்துக்கொண்டிருந்தவர் அவுட் ஆனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அப்புறம் திடீர் ஏற்றங்கள் வேறு: ஊராட்சி, கோவில் என்று அரசுத் தரவை வைத்துத் தானியங்கி (தானே பக்கம் உருவாக்கும் கணினி நிரல்) வரிசையாக உருவாக்கிய கட்டுரைகள், வேங்கைத் திட்டம் போன்ற கட்டுரைப் போட்டிகள். 2003 செப்டம்பரில் தொடங்கி 2017 மே மாதம் 1 லட்சத்தைத் தொட்டதில் நாளுக்குச் சராசரி 20 கட்டுரை வருகிறது. சரி, ஆனால் அந்தச் சராசரிப்படி நடந்த மாதம் எது என்று தேடினால் கிடைப்பது கஷ்டம்.

அதனால் சராசரியை விடுங்கள். கடந்த 24 மாதங்களில் மாதாமாதம் நிகரமாக எத்தனை கூடியது என்று எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். கீழிருந்து ஆறாவது எண் மந்தமான மாதம். நடுவில் வரும் 12, 13-ஆவது எண்களுக்கு இடைப்பட்டது சாதாரண மாதம். மேலிருந்து ஆறாவது நல்ல மாதம். போட்டி நடந்த மாதம் உச்சியில் போய் ஒதுங்கிக்கொள்ளும், கணக்கைக் கெடுக்காது. உதாரணத்துக்கு அவை 450, 700, 1,000 என்றும், பாக்கி 18,000 என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல மாதங்களாக அமைந்தால் 18 மாதம், சாதாரணமாக 26, மந்தமாக இருந்தால் 40. இந்த நிலையில் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விழா நாளுக்குச் சில வாரம் முன்பே 2 லட்சத்தைத் தொட்டுவிட்டால் பரவாயில்லை; மேடை போட்ட பிறகும் தொடாமல் இருந்தால்தான் சங்கடம். எனவே பாக்கி, மந்தமான மாதத்தின் மூன்று மடங்குக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். மேற்படி உதாரணத்தில் அது 1,350. அன்று பணம் கட்டினால், மந்த வேகத்தில் போனாலும் மூன்று மாதத்தில் இலக்கு வந்துவிடும். நல்ல வேகம் என்றால் நாற்பது நாளிலேயே வரும். இன்னும் பயமாக இருந்தால் 1,200-க்கு வரட்டும் என்று பொறுங்கள்.

எண்ணிக்கை கீழேயும் இறங்கும். தானியங்கியால் 30 லட்சத்தைத் தாண்டிய ஸ்வீடிய விக்கிப்பீடியா, அந்தக் கட்டுரைகளை நீக்கத் தொடங்கியதும் பல லட்சம் குறைந்தது. கடைசி வாரத்தில் மாணவர்களை உட்கார வைத்து இரண்டு வரிக் கட்டுரைகளாகக் குவிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். நிர்வாகிகள் நீக்கினால் விழா முடிந்த மறுநாள் எண் 1,99,000-க்குத் திரும்பியிருக்கும். வேறு தலைப்புக்கு அனுப்பிவைக்கும் வழிமாற்றுப் பக்கங்களும் உரையாடல் பக்கங்களும் எண்ணிக்கையில் சேராது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பேனரில் 2 லட்சமாவது கட்டுரையின் பெயரை அச்சடிக்க வேண்டாம். ஒரே நிமிடத்தில் இரண்டு மூன்று பேர் கட்டுரை போட்டால் எது அது என்பதில் தகராறு வரும். விக்கிப்பீடியர்கள் பேசி முடிவு செய்து அறிவிக்கட்டும்.