"இன்னும் குணமாகவில்லை" என்று சொன்னது பாவமா?

அன்புள்ள அண்ணா,

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் 2 முறை டயாலிசிஸ். போன மாதம் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து, "இதுவரை நடத்தின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இன்னும் குணமாகவில்லை, டயாலிசிஸ் நடக்கிறது. தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். ஆராதனை முடிந்ததும் சபையில் மூத்த அம்மா ஒருவர் தனியே கூப்பிட்டார். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்குன்னு தெரியாதா? சுகமாயிட்டார்னு அறிக்கை செய்யணும். நீயே வாயைத் திறந்து அவநம்பிக்கையாப் பேசினா எப்படிச் சுகம் வரும்?" என்றார். ஆபிரகாமையும் சூனேம் ஊர்ப் பெண்ணையும் எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் வாயாலேயே என் கணவருக்குக் கேடு செய்துவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் அவருக்கு எந்தக் கேடும் செய்யவில்லை. அன்று அந்த ஆராதனையில் உண்மையான சாட்சி ஒன்று சொன்னீர்கள். இன்றிரவு தூங்குங்கள். மீதியை நாளைக்குப் படித்தாலும் போதும்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கன்வென்ஷனில் முன்னால் போய் ஜெபித்துக்கொண்டு வந்தார். மறுவாரம் சபையில் எழுந்து, "கர்த்தர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கிவிட்டார்" என்று சாட்சி சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கடைக்காரர் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். "விசுவாசத்தோடு சொல், அது நடக்கும்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், சொன்னார். மாத்திரையை நிறுத்தினார். சில மாதத்தில் காலில் புண் வந்தது. அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்று கேட்டேன். "சாட்சி சொல்லிட்டேனேப்பா" என்றார்.

அந்த ஒரு வரியை என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை. சபை முழுவதும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்ன பிறகு, "இல்லை, எனக்கு இன்னும் சுகர் இருக்கிறது" என்று சொல்ல அவருக்கு இடமே இல்லாமல் போயிற்று. அவருக்காக ஜெபித்திருக்கக்கூடிய நூறு பேரும் அவர் சுகமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கணவர் விஷயத்தில் இப்போது என்ன பாருங்கள். உங்கள் சபைக்கு நிலைமை தெரியும். ஜெபிக்கிறவர்கள் எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்து ஜெபிக்கிறார்கள். எபேசியருக்கு எழுதும்போது பவுல் இதைத்தான் சொல்கிறார்: நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாக இருப்பதால் மெய்யைப் பேச வேண்டும். காலில் முள் குத்தியதைக் கால் மறைத்தால் கை எப்படி எடுக்கும்?

இனி அந்த அம்மா காட்டிய வசனங்களுக்கு வருகிறேன்.

ஆபிரகாம். முதுமையில் பிள்ளை பிறக்கும் என்று தேவனிடம் வாக்குப் பெற்றவர். ரோமர் 4:19. நம் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பில், அவர் தன் சரீரம் செத்துப்போனதை "எண்ணாதிருந்தான்" என்று இருக்கிறது. இதை வைத்துத்தான், வியாதியை நினைக்கவே கூடாது, வாயால் சொல்லவே கூடாது என்று போதிக்கிறார்கள். ஆனால் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கிரேக்கப் பிரதிகளில் அந்த எதிர்மறைச் சொல் கிடையாது. செத்துப்போனதை அவர் எண்ணிப்பார்த்தார், ஆனாலும் விசுவாசத்தில் பலவீனப்படவில்லை என்று வருகிறது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இந்தப் பாடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பிரதிகளின் சங்கதி வேண்டாம் என்றால் ஆதியாகமம் 17-ஐ எடுத்துப் பாருங்கள். நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமா, தொண்ணூறு வயதான சாராள் பிள்ளை பெறுவாளா என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். தன் வயதும் மனைவியின் வயதும் அவருக்கு நன்றாகவே தெரியும். ரோமர் 4:17-ஐயும் காட்டுவார்கள், "இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல்" அழைப்பது பற்றி. அங்கே அப்படி அழைக்கிறவர் தேவன். ஆபிரகாமுக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை, உங்களுக்கும் கொடுக்கப்படவில்லை.

வாயினாலே அறிக்கை செய்வது வேதத்தில் உண்டு. ரோமர் 10-இல் இருக்கிறது. அங்கே அறிக்கை செய்யச் சொல்வது இயேசுவைக் கர்த்தர் என்று. சிறுநீரகப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் அளவை அல்ல. நாம் சொல்லும் வார்த்தையே சுகத்தை உண்டாக்கும் என்ற போதனை, 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கென்யன், கென்னத் ஹேகின் போன்ற போதகர்கள் வழியாகப் பரவியது. கேசட்டிலும் கன்வென்ஷனிலும் டிவியிலும் நம்மிடம் வந்து சேர்ந்தது. எல்லா பெந்தெகொஸ்தே சபைகளும் இதைப் போதிப்பதில்லை. சுகத்துக்காக உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தாதே என்று கண்டித்துச் சொல்லும் பாஸ்டர்களை நான் அறிவேன்.

அப்புறம் சூனேம் ஊர்ப் பெண். 2 இராஜாக்கள் 4. நான் அதிகம் யோசித்தது இவளைப் பற்றித்தான். எலிசா தீர்க்கதரிசி வாக்குச் சொல்லிப் பிறந்த மகன், அவள் மடியிலேயே செத்துப்போகிறான். தீர்க்கதரிசியின் கட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் கழுதையில் ஏறிப் புறப்படுகிறாள். வழியில் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி வந்து சுகமா என்று கேட்கும்போது "சுகந்தான்" என்கிறாள். பிரசங்கம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பார்த்தீர்களா விசுவாச அறிக்கையை என்கிறார்கள். அடுத்த வசனத்தைப் படியுங்கள். மலையில் எலிசாவிடம் போய்ச் சேர்ந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொள்கிறாள். கேயாசி விலக்கிவிட வருகிறான். எலிசா, அவளை விடு, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது என்கிறார். அப்போது அவள், நான் உம்மிடம் பிள்ளை கேட்டேனா, என்னை ஏமாற்ற வேண்டாம் என்று அன்றே சொல்லவில்லையா என்று கேட்கிறாள். விசுவாச அறிக்கை செய்கிற பெண் பேசும் பேச்சா இது? உள்ளே கிடந்த அத்தனையையும் கொட்டிவிட்டாள். எலிசா அவளைக் கண்டிக்கவில்லை. எழுந்து அவளோடு நடந்தார்.

இவளிடம் நாம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. வழியில் கேட்கிற எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர் "வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்" என்றால், "இருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பது போதும். அது பொய்யாகாது. ஆனால் காலைப் பிடித்து அழ ஒரு இடம் வேண்டும். உங்கள் சபை உங்களுக்கு அந்த இடமாக இருக்கும் என்று நம்பித்தான் அன்று எழுந்து நின்றீர்கள்.

பவுலும் இப்படித்தான். எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதியாக இருந்தான் என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவருடைய உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியதாக அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர், கூட ஊழியம் செய்தவனைக் குணமாகாமல் விட்டுவந்தேன் என்பதை மறைக்கவில்லை.

மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் என்கிற நீதிமொழிகள் 18:21-தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். கோள் சொல்கிறவன், காரியத்தைக் கேட்கும் முன்னே பதில் சொல்கிறவன், வழக்கில் முதலில் பேசுகிறவன் என்று மனிதர் ஒருவருக்கொருவர் பேசுவதைப் பற்றியே அதிகம் சொல்கிறது. ஒரு நாவு அடுத்தவனைப் பிழைக்க வைக்கும், சாகவும் அடிக்கும். டயாலிசிஸ் நடக்கிறது என்று நீங்கள் சொன்னதால் உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா சொன்ன வார்த்தையால் ஒரு மாதமாக உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

அதனால் அவரிடம் நீங்கள் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். சபையில் நாலு பேரிடம் சொல்லி அல்ல, பாஸ்டரிடம் புகாராகவும் அல்ல. அவரும் நீங்களும் தனியாக இருக்கும்போது. மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டும் வழி அதுதான். அந்த அம்மாவுக்கு உங்கள்மேல் அன்பு இல்லை என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவேளை அவர் வீட்டிலும் சொல்ல முடியாமல் மூடிவைத்த ஒன்று இருக்கலாம். "நீங்க அன்னைக்குச் சொன்னது என்னை ரொம்ப வாட்டிடுச்சும்மா, ராத்திரி தூக்கமே இல்ல" என்று ஆரம்பியுங்கள். வசனத்தை வைத்து வாதாட வேண்டாம். மேலே நான் எழுதியது உங்களுக்காக.

அடுத்த முறை சாட்சி நேரத்தில் எழுந்தால், அன்று சொன்னதையே சொல்லுங்கள். நிலைமை மாறியிருந்தால் மாறியதைச் சொல்லுங்கள். குணமாகும் நாள் வந்தால், அன்று நீங்கள் சொல்வதைச் சபை நம்பும்.

உங்கள் கணவரின் பெயரையும் டயாலிசிஸ் நாட்களையும் மின்னஞ்சலில் எனக்கு எழுதுங்கள். ஜெபத்தில் பெயர் சொல்லி நினைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்