கடையை மூடுகிறார்களாம், ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் இரண்டு வருடத்துக்கு மேலாக பில்லிங்கில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள், அதையும் வாட்ஸப் குரூப்பில்தான் சொன்னார்கள், "எல்லாரும் ரிசைன் லெட்டர் கொடுத்துடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்" என்கிறார் மேனேஜர், கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அவளாகவே வேலையை விட்டதாக ஆகிவிடும், பிறகு எதையும் கேட்பது கஷ்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நிறுத்த வேண்டுமென்றால் ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு மத்திய தொழிலாளர் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகவும் உண்டு. வேறு கிளைக்கு மாற்றுகிறோம் என்று சொன்னால், எந்த ஊர், என்ன சம்பளம் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கே பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். டி-ஷர்ட்டில் கடையின் பெயர் இருக்கும், பே ஸ்லிப்பில் ஆள் அனுப்பும் ஏதாவது ஏஜென்சியின் பெயர் இருக்கலாம். அப்படியானால் கணக்குக் கேட்க வேண்டியது முதலில் அந்த ஏஜென்சியிடம். அந்த வாட்ஸப் செய்தியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் சம்பளத்தையும் இழப்பீட்டையும் தர மறுத்தால் தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

எனக்கு இதில் தாங்க முடியாதது என்னவென்றால், கட்டட உரிமையாளருக்கும் சரக்கு போடுபவர்களுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது, ரேக் காலியாவதைப் பார்த்துத்தான் பில் போடும் பெண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் 1988-இல் வந்த வார்ன் சட்டப்படி, 100 பேருக்குக் குறையாத நிறுவனம் ஓர் இடத்தை மூடி அங்கே 50 பேராவது வேலை இழப்பதாக இருந்தால், 60 நாள் முன்பே தொழிலாளிகளுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இங்கேயும் 50 பேராவது இருக்கும் நிறுவனத்துக்கு 60 நாள் கணக்கு உண்டு, ஆனால் அந்த நோட்டீஸ் போவது அரசாங்கத்துக்கு. மளிகைக்கடையும் மருந்துக்கடையும் மூடும்போது தொழிலாளிக்கும் நேராக அத்தனை நாள் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் என் கருத்து. வேறு வேலை தேட, பரீட்சைக் கட்டணம் கட்ட அந்த இரண்டு மாதம்தான் வேண்டும்.

சரி, மகளின் படிப்பு. தபால் வழி பி.காம். கடைசி வருடம், எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். பில்லிங், ஸ்டாக் எடுப்பது, எக்ஸ்பைரி பார்ப்பது, ஜிஎஸ்டி பில், இதெல்லாம் செய்தவளை மருந்து மொத்த விற்பனையாளர்களும் டிஸ்ட்ரிபியூட்டர் அலுவலகங்களும் கணக்குப் பிரிவில் எடுப்பார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் கற்றுக்கொள்ளட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் போகட்டும். கடை மூடுவதற்குள் அனுபவச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும், மூடிய பிறகு கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்காது. பிஎஃப் பணத்தை இப்போது எடுக்காமல், புது வேலை கிடைத்ததும் அதே யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினர் எண்) கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.