4294967297: வாசகர் கேள்விகளும் பதில்களும்

4294967297 பார்க்க ஒரு பகா எண் போலத்தான் இருக்கிறது. சரியா?

இல்லை, இது பகு எண்: 641 × 6700417. ஆனால் உங்களுக்குத் தோன்றியது பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவுக்கும் தோன்றியது. 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கம் எடுத்து, 1 கூட்டினால் அடுத்தது வரும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவதுதான் நம் எண். இதுவும், இதற்குப் பின் வருபவையும் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் இதை வகுக்கும் 641-ஐக் கண்டுபிடித்தார். அந்த ஐந்தைத் தாண்டி இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

கணினி இல்லாமல் 641-ஐ எப்படிப் பிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கண்ணை மூடிக்கொண்டு வகுக்க ஆரம்பித்தால், வர்க்கமூலம் வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. அவ்வளவும் தேவையில்லை. நம் எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 சேர்ந்தது. அதனாலேயே அதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும். இதை நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிடும்!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 128 + 1. 641-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால், 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம் (641-இன் மடங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்). நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். அப்புறம், 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² என்பது 1-க்குச் சமம் என்று வரும். அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

3-ஆலோ 17-ஆலோ வகுபடுமா?

வகுபடாது. இரண்டு கழித்தால் கிடைக்கும் 4294967295, முந்தைய ஐந்து எண்களின் பெருக்கல் பலன். அதனால் 3-ஆல் வகுத்தாலும் 17-ஆல் வகுத்தாலும் மீதி 2.

காரணியே தெரியாமல் இது பகு எண் என்று சொல்ல முடியுமா?

முடியும். இதை 65536² + 1² என்று எழுதலாம். 62264² + 20449² என்றும் எழுதலாம். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். இரண்டு விதம் கிடைத்துவிட்டால் அது பகு எண்தான்.